கரும்பலகைப் பயன்பாடு: பத்துக்கு மூன்று

நுண்ணிலைக் கற்பித்தல் என்றால் ஆறு நிமிடம்.
பெருந்துறைக் கல்லூரியின் மாடி வகுப்பில்
நாங்களே ஆசிரியர், நாங்களே ஆறாம் வகுப்பு.
களிமண்ணில் எருமைத் தலைகள் செய்து
பெங்களூர் வரை விற்ற நாகமாணிக்கம்
கடைசி பெஞ்சில் பதினொரு வயதாக உட்கார்ந்து
‘டீச்சர், இவன் கிள்றானுங்’ என்றான்.
முப்பத்து நான்கு வயதில் நான்
‘சத்தம் போடாதீங்க,
முதன்மை நிறங்கள் எத்தனை?’ என்றேன்.
மணி அடித்தது. யாருடைய கைபேசியோ.

சென்னையில் ஒரு குழுக் கண்காட்சி செய்திருக்கிறேன்.
மூன்று சுவர். விற்றது ஒன்று.
சோபாவுக்கு ஒத்துப்போகுமா என்று
போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி
பதில் வந்தபின் வாங்கினார் ஒருவர்.
அந்தப் பணம்தான் இங்கே முதல் பருவக் கட்டணம்.
ஏன் வந்தாய் என்று நேர்காணலில் கேட்டபோது
குழந்தைகள் பிடிக்கும் என்றேன்.
மாதச் சம்பளமும் பிடிக்கும் என்பதை
இரண்டாவதாகச் சொல்லலாம் என்றிருந்தேன்,
அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பொது நோக்கம், சிறப்பு நோக்கம்,
துணைக்கருவி, ஊக்குவித்தல், மதிப்பீடு.
கட்டம் கட்டியே விரல் காய்த்தது.
கோட்டை நம்பிப் பிழைத்தவளுக்கு
இத்தனை கோடு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

பயிற்சிக்குக் காங்கேயம் பக்கம் ஓர் அரசுப் பள்ளி.
புதன் கடைசிப் பீரியட் ஓவியம்.
மூன்று புதன்களைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கினார்.
நான்காவதை,
‘எடுத்துக்கங்க மேடம், எப்படியும் தூங்கத்தான் போறாங்க’
என்று திருப்பிக் கொடுத்தார்.

‘உங்கள் வீட்டருகே ஒரு காட்சி’ என்றேன்.
இரண்டு மலை, நடுவில் சூரியன்,
தலைகீழ் வில்லாய்ப் பறவைகள்.
முப்பத்தொரு பேருக்கும் ஒரே வீடு.
மௌலீஸ்வரன் தாளில் மட்டும்
வட்டம். வட்டம். வட்டம்.
வானமே இல்லாமல் விளிம்புவரை வட்டம்.

முடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.
இல்லை, நினைக்கவே இல்லை. கைதான் போனது.
அவன் பென்சிலை வாங்கி
மேல் மூலையில் ஒரு தென்னை வரைந்தேன்.
சாய்ந்த, நல்ல தென்னை.
அதன் நிழல் ஏழெட்டு வட்டங்கள்மேல் விழுந்தது.
பெஞ்சு பெஞ்சாக எழுந்து வந்தார்கள்.
‘சூப்பருங் மிஸ்.’
கூச்சமில்லாமல் சொல்கிறேன்,
மூன்று சுவர்களுக்கு நடுவே
அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

அவன் தாளையே பார்த்தான்.
‘களத்துல மரம் இருக்காதுங் மிஸ்.
நெழல் உழுந்தாப் பருப்புக் காயாதுங்.’
பிறகு தாளை என் பக்கம் நகர்த்தி,
‘இத நீங்களே வெச்சுக்குங்.
எனக்கு வேற தாளுங்.’

பின்வரிசையில் இருந்த வளர்மதி மேடம்
அன்றைக்கு எனக்கு எட்டு போட்டிருந்தார்.

அடுத்த புதன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
ஒரு பெண் மாட்டுக்கு ஊதா தீட்டினாள்,
ஒருவன் வீடு கிணற்றுக்குள் சரிந்துகொண்டிருந்தது.
முதுகுக்குப் பின்னால் விரல்கள்
தாமாகவே அதை நிமிர்த்தப் பார்த்தன.
சாக்பீஸ் வியர்வையில் மாவாகிவிட்டது.
பலகையில் தேதி மட்டும்.

மௌலீஸ்வரன் மறுபடியும் வட்டங்கள்.
இந்த முறை பாதித் தாள் வெறுமை.
குறிப்பேட்டில் இல்லாத ஒரு கேள்வி கேட்டேன்:
‘இங்கே என்ன?’
‘அள்ளிட்டாங்க மிஸ்.
மழ வருதுங்.’
எங்கே என்று கேட்கத் தோன்றி,
கேட்காமல்
அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
வேக வேகமாக அள்ளிய வெள்ளை அது.
மணி அடித்ததைக் கவனிக்கவில்லை.

மாதிரி வரைந்து காட்டப்படவில்லை.
ஆசிரியர் பெரும்பாலும் சும்மா நின்றார்.
கரும்பலகைப் பயன்பாடு: மூன்று.
ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.
மதிப்பெண்மேல் சாக்பீஸ் மாவு அப்பிக்கொண்டது.
தட்டிப் பார்த்தேன்,
இன்னும் கொஞ்சம் பரவியது.